லித்துவேனியர்கள் யாரை விவரம் தெரிந்தவர் என்கிறார்கள்?

"லித்துவேனிய மொழியில் ஞானம் என்பதற்கு என்ன சொல்? அந்த மக்கள் அதைப் படிப்போடு சேர்த்துப் பார்க்கிறார்களா, வயதோடா, பக்தியோடா?" இதுதான் கேள்வி. லித்துவேனியா பால்டிக் கடலோரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஐரோப்பிய நாடு. பாதி பதில் அந்தச் சொல்லின் குடும்பத்திலேயே இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சொல் ‘இஷ்மின்திஸ்’. அதற்குள் இருக்கும் ‘மின்திஸ்’ என்றால் எண்ணம். நினைவுக்கு ‘அத்மின்திஸ்’. விடுகதைக்கு ‘மீஸ்லே’. நினைவுச்சின்னத்துக்கு ‘பாமின்க்லாஸ்’. எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த வேர் நமக்கும் புதிதல்ல. சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த ‘மதி’யும் இந்த ‘மின்திஸ்’ஸும் ஒரே மூலச் சொல்லின் இரண்டு வாரிசுகள். அதேபோல, ‘தெரிந்திருத்தல்’ என்ற பொருளில் வரும் ‘ஜினோத்தி’க்கும் நாம் புழங்கும் ‘ஞானம்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்று. இன்றும் பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய வடிவங்களை அதிகமாகக் காப்பாற்றி வைத்திருக்கும் மொழிகளுள் லித்துவேனியன் முன்னணியில் நிற்கிறது. அதனால் இந்த உறவு இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது.

வேர் ஒன்றானாலும் போன திசை வேறு. நம்மிடம் ஞானம் என்றாலே மனம் துறவு, வீடுபேறு என்று மேல் நோக்கிப் போகும். லித்துவேனியனில் அது வயலுக்கும் தொழுவத்துக்கும் போகிறது. ‘இஷ்’ என்ற முன்னொட்டு ஒரு செயலை முழுக்க, கடைசிவரை செய்து முடிப்பதைக் காட்டும். ‘இஷ்மனீத்தி’ என்ற வினைச்சொல்லுக்கு ஒரு விஷயத்தின் உள்ளும் புறமும் தெரிந்து, அதைக் கையாளவும் தெரிந்திருப்பது என்று பொருள். தமிழில் இதற்கு மிக நெருக்கமானது ‘விவரம் தெரிந்தவர்’ என்று நாம் சொல்வதுதான். ஒருவர் தேனீ வளர்ப்பில் கெட்டிக்காரர் என்றால் "அவருக்குத் தேனீ விவரம் தெரியும்" என்பதற்கு இந்த வினைச்சொல்லையே போடுவார்கள். தச்சு வேலைக்கும் அதுதான், சட்டத்துக்கும் அதுதான். அந்த வினையின் உச்ச நிலையாகத்தான் இஷ்மின்திஸ் என்ற பெயர்ச்சொல் நிற்கிறது.

லித்துவேனியக் குழந்தைகளுக்குத் தெரிந்த ஒரு விடுகதை இருக்கிறது. "வெள்ளைப் புல்வெளி, கறுப்பு ஆடுகள், விவரம் தெரிந்தவன் மேய்ப்பான்." விடை: தாளும் எழுத்தும். மூலத்தில் ‘இஷ்மானோ’, ‘கானோ’ என்று இயைபோடு வரும். கானோ என்றால் மேய்க்கிறான். இந்த ஒற்றை வரி எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பு என்கிற, கிராமத்துக்கு வெளியிலிருந்து வந்த சமாச்சாரத்தைக் கூட ஆடு மேய்ப்பவனின் திறமையாகத்தான் அந்த விடுகதை பார்க்கிறது. ஆடுகளை எண்ணத் தெரிந்தால் போதாது. எதை எங்கே விடுவது, எப்போது ஓட்டி வருவது என்று தெரிய வேண்டும். இந்த விடுகதையின் முதல் இரண்டு சொற்களான ‘பால்தோஸ் லான்கோஸ்’ஸைப் பெயராகக் கொண்ட பதிப்பகமும் அங்கே இருக்கிறது.

தேனீயைச் சொன்னதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். மிருகங்கள் செத்தால் லித்துவேனியனில் ஒரு சொல், மனிதர் இறந்தால் வேறு சொல். தேனீ இறந்தால் மனிதருக்கான சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். பழைய கிராமத்தில் தேனீக் கூட்டத்தைக் காசுக்கு விற்பது தகாத காரியம். பிரிந்து வரும் கூட்டத்தைப் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டுக்கொள்வார்கள். அப்படிப் பங்கு போட்டவர்கள் ‘பிச்சியுலிஸ்’ ஆனார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு நெருங்கிய நண்பர் என்று பொருள். அதில் இருக்கும் ‘பிதே’ தேனீதான். ஆக, தேனீ விவரம் தெரிந்தவர் என்றால் பூச்சியைப் பற்றித் தெரிந்தவர் மட்டுமல்ல. யாருடன் எப்படி நடந்துகொள்வது என்பதும் அந்த விவரத்தில் அடக்கம்.

அறிவுக்கு இன்னொரு சொல்லும் உண்டு, ‘ப்ரோத்தாஸ்’. புத்தி, மூளை என்று வைத்துக்கொள்ளலாம். இது பிறப்பிலேயே வருவது, குழந்தைக்கும் இருக்கும், நாய்க்கும் இருக்கும். பைத்தியம் பிடித்துவிட்டது என்பதை "ப்ரோத்தாஸிலிருந்து குடிபெயர்ந்துவிட்டான்" என்பார்கள், மூட்டை முடிச்சோடு வீட்டைக் காலி செய்த மாதிரி. நாம் ஞானப்பல் என்பதை அவர்கள் ப்ரோத்தாஸ் பல் என்கிறார்கள். மாலை நேரங்களில் உணவகங்களில் நடக்கும் வினாடி-வினாவுக்கு ‘ப்ரோத்மூஷிஸ்’, அதாவது புத்திப் போர் என்று பெயர். படித்த இளைஞர்கள் வெளிநாடு போவதை "ப்ரோத்தாஸ் வெளியே வழிந்தோடுகிறது" என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 1990களின் தொடக்கத்தில் 37 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020 வாக்கில் 28 லட்சத்துக்கு வந்துவிட்ட நாட்டில் இந்தச் சொற்றொடருக்கு நிறைய வலி இருக்கிறது. வெளியேறுவது எப்போதும் ப்ரோத்தாஸ்தான். இஷ்மின்திஸ் வெளியேறியதாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஸ்மார்ட்போனுக்கு மட்டும் ப்ரோத்தாஸ் ஒட்டவில்லை. அதற்கு வைத்த பெயர் ‘இஷ்மானுசிஸ்’ டெலிபோன். காரியம் செய்யத் தெரிந்த போன் என்று அர்த்தம் வருவதால் பெயர் பொருத்தமாகவே உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவதாக ‘குத்ருஸ்’, தந்திரசாலி. நரி குத்ருஸ். நாட்டுப்புறக் கதைகளில் பிசாசை ஏமாற்றும் விவசாயியும் குத்ருஸ்தான். பங்காளியாக வரும் பிசாசிடம் "மேலே விளைவது உனக்கு, கீழே விளைவது எனக்கு" என்று ஒப்பந்தம் போட்டுக் கிழங்கு விதைப்பான். அடுத்த வருடம் பிசாசு உஷாராகிக் கீழே இருப்பதைக் கேட்டால் தானியம் விதைப்பான். கேட்பவர்கள் சிரித்து மகிழ்வார்கள். ஆனால் இந்தத் தந்திரம் பிசாசு, பண்ணையார், பேராசைக்காரப் பணக்காரன் போன்ற வலியவர்களிடம் செல்லும் வரைதான் மதிப்பு. அண்டை வீட்டாரிடம் குத்ருஸாக இருப்பவனை மெச்சிய கதை அபூர்வம். பண்ணை அடிமை முறையில் 1861 வரை கிடந்த ஒரு விவசாய சமூகம் தந்திரத்துக்கு இடம் எங்கே, எல்லை எங்கே என்று வகுத்து வைத்திருந்தது இயல்புதான்.

இப்போது கேள்வியின் முதல் பகுதிக்கு வருகிறேன். படிப்புதான் ஞானமா? இதில் லித்துவேனியப் பழமொழிகள் தமக்குள்ளேயே சண்டை போடுகின்றன. "படிப்பவன், எழுதுபவன் சோற்றுக்குக் கையேந்த மாட்டான்" என்று ஒன்று. "எழுத்து மிதமிஞ்சிப் போய் ஆள் கரையை விட்டே போய்விட்டான்" என்று இன்னொன்று. ஏட்டுச் சுரைக்காயை நாம் நம்பாத மாதிரிதான் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அங்கே இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. நூற்றாண்டுக் கணக்காக, படித்தவர் என்றால் போலிஷ் பேசும் பிரபு அல்லது பாதிரியார். விவசாயியின் மகன் படிக்கப் போனால் மொழி மாறி, வீடு மாறித் திரும்பிய அனுபவம் கிராமங்களுக்கு இருந்தது. கரை என்று நான் எழுதிய ‘க்ராஷ்தாஸ்’ என்ற சொல்லுக்கு ஓரம் என்றும் நாடு என்றும் இரண்டு பொருள். எழுத்து மிஞ்சினால் ஊரை விட்டே போய்விடுவான் என்ற பயம் அந்தப் பழமொழியில் எனக்குக் கேட்கிறது.

பிறகு நிலைமை தலைகீழானது. 1864-இல் ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லித்துவேனிய நூல்கள் அச்சிடுவதைத் தடை செய்தது. தடை 1904 வரை நீடித்தது. அந்த 40 ஆண்டுகளில் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதியில் அச்சான புத்தகங்களை விவசாயிகளே இரவோடு இரவாகத் தோளில் சுமந்து கடத்தி வந்தார்கள். அவர்களுக்கு ‘க்னீக்நெஷெய்’, புத்தகம் சுமப்பவர்கள் என்று பெயர். பிடிபட்டால் சிறை, சைபீரியா. யுர்கிஸ் பியெலினிஸ் என்பவர் இவர்களில் மிகப் புகழ் பெற்றவர். வீட்டில் தாய்மார்கள் நூல் நூற்றபடியே பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சிற்பி பெத்ராஸ் ரிம்ஷா 1906-இல் இதைத்தான் வடித்தார். ராட்டினத்தருகே தாய், பக்கத்தில் புத்தகத்தோடு குழந்தை. யூரோ வருவதற்கு முன்பு புழங்கிய 5 லித்தாஸ் நோட்டின் பின்புறத்தில் இந்தச் சிற்பம் இருந்தது. முன்புறத்தில் இருந்தவர் பொது லித்துவேனிய மொழிக்கு இலக்கணம் வகுத்த யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ். எழுத்து அந்நியனின் பொருளாக இருந்தவரை சந்தேகத்துக்கு உரியது. தடை செய்யப்பட்டு, ராட்டினத்தோரம் வந்து உட்கார்ந்ததும் அது குடும்பச் சொத்தாகிவிட்டது.

அதற்கும் முந்தைய தடயம் ஒன்று உண்டு. லித்துவேனிய மொழியின் முதல் அச்சுப் புத்தகம் மர்தினாஸ் மஜ்வீதாஸ் தொகுத்து 1547-இல் கோனிக்ஸ்பெர்க்கில் வெளியான சமய வினாவிடை நூல். அதன் செய்யுள் முன்னுரையில் புத்தகமே வாய் திறந்து பேசுகிறது. "சகோதரரே, சகோதரிகளே, என்னை எடுத்துப் படியுங்கள்" என்று தொடங்குகிறது. உங்கள் தகப்பன்மார் இந்தக் கல்வியைப் பெற ஏங்கினார்கள், ஆனால் கிட்டவில்லை என்று அடுத்துச் சொல்கிறது. அறிவு தனக்காக அல்ல, தந்தையருக்குக் கிடைக்காமல் போனதைப் பிள்ளைகள் வாங்கிக்கொள்வதற்காக என்ற தொனி முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது.

சரி, வயது? இங்கேதான் லித்துவேனிய நாட்டுப்புறக் கதை மிகத் தெளிவாகப் பேசுகிறது. கிழக்கு ஐரோப்பா முழுக்க வழங்கும் ஒரு கதை லித்துவேனியாவிலும் உண்டு. முன்னொரு காலத்தில் உழைக்க முடியாத கிழவர்களைக் காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கம் இருந்ததாம். ஒருவன் மட்டும் மனம் வராமல் அப்பாவை வீட்டிலேயே ஒளித்து வைக்கிறான். பஞ்சம் வருகிறது. இருந்த தானியம் எல்லாம் தின்று தீர்ந்துவிட்டது, விதைக்க ஒரு மணி இல்லை. ஒளிந்திருக்கும் அப்பாவிடம் போய்ச் சொல்கிறான். "கூரையைப் பிரி. வேய்ந்திருக்கும் வைக்கோலை மறுபடி போரடி" என்கிறார் கிழவர். பிரித்து அடித்ததில் விதைக்குப் போதுமான கம்பரிசி உதிர்கிறது. ஊரில் அவன் வயல் மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து விசாரிக்கிறார்கள், உண்மை வெளியே வருகிறது, அதோடு அந்த வழக்கம் ஒழிகிறது. கம்பரிசி என்று நான் எழுதியது ‘ரை’ என்கிற தானியம், அந்தக் குளிர் நாட்டின் கறுப்பு ரொட்டிக்கு ஆதாரம்.

இந்தக் கதையைச் சாதாரணமாக "பெரியவர்களை மதி" என்று சுருக்கிவிடுவார்கள். அப்படிச் சுருக்கினால் அதன் சாரமே போய்விடும். கிழவர் சொன்னது ஒரு தத்துவம் அல்ல. கூரைக்குப் போகும் வைக்கோல் நீளமாக, நொறுங்காமல் இருக்க வேண்டும். அதனால் அந்தக் கட்டுகளை மென்மையாகத்தான் அடிப்பார்கள். கதிரில் மணிகள் கொஞ்சம் தங்கிவிடும். கைத்தடியால் போரடித்துப் பல வருடம் பழகியவருக்குத்தான் இது நினைவிருக்கும். நினைவு, கைப்பழக்கம், சமயத்துக்கு அதை எடுத்துத் தருவது எல்லாம் அந்த ஒரு யோசனையில் சேர்ந்திருக்கின்றன. முன்பு சொன்ன அத்மின்திஸ், இஷ்மின்திஸ் உறவை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் விளக்காது.

ஆனால் வயது மட்டும் போதும் என்றும் அந்தப் பண்பாடு நினைக்கவில்லை. "ஆயுள் முழுக்கக் கற்றாலும் முட்டாளாகத்தான் சாவாய்" என்று ஒரு பழமொழி முகத்துக்கு நேரே சொல்கிறது. கதைகளில் மூன்று சகோதரர்கள் வந்தால் மூத்த இரண்டு பேரும் புத்திசாலிகள், கடைக்குட்டி முட்டாள் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார்கள். வழியில் ஒரு கிழப் பிச்சைக்காரர் ரொட்டி கேட்பார். அவர் பெரும்பாலும் கடவுளாகவே இருப்பார். கடவுள் பூமியில் நடமாடிய காலத்தில் என்று தொடங்கும் கதைகளே ஏராளம். புத்திசாலிகள் இருவரும் அவசரத்தில் கடந்து போவார்கள். முட்டாள் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக் கொடுப்பான். கதை முடிவில் காரியம் கைகூடுவது அவனுக்குத்தான். அவனை யாரும் கடைசிவரை இஷ்மின்திஸ் உள்ளவன் என்று பட்டம் கட்டுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் முட்டாளாகவே ஜெயிக்கிறான்.

பக்தி பற்றிக் கேட்டதற்கு நேரடியான பதில் ஒரு மரச் சிற்பத்தில் இருக்கிறது. லித்துவேனியக் கிராமச் சாலைகளில் மரத்தில் அடித்த சிறு கோயில்களிலும் கம்பத்தின் உச்சியிலும் ஓர் உருவத்தைப் பார்க்கலாம். முள்முடி சூடிய இயேசு ஒரு கட்டையில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலில் முழங்கையை ஊன்றி, கன்னத்தை உள்ளங்கையில் தாங்கியிருக்கிறார். மற்றக் கை தொடையில் சோர்ந்து கிடக்கிறது. தெய்வீக ஒளி, சாட்டை, சிலுவை எதுவும் இல்லை. முகம் பெரும்பாலும் அந்த ஊர் விவசாயியின் முகம், கன்ன எலும்பு தூக்கலாக, கண் தாழ்ந்து. செதுக்கியவர்கள் பெரும்பாலும் சிற்பப் பள்ளிக்குப் போகாத ஊர் ஆட்கள். அவர்களை ‘தியவ்திர்பிஸ்’, கடவுள் செய்பவர் என்றே அழைத்தார்கள்.

இந்த உருவம் லித்துவேனியாவில் பிறந்ததல்ல. மத்திய காலத்தின் கடைசியில் மேற்கு ஐரோப்பிய ஓவியர்களும் சிற்பிகளும் படைத்த துயருற்ற கிறிஸ்துவின் வடிவம் இது. ஆனால் லித்துவேனியர் அதற்கு வைத்த பெயர் ‘ரூபின்தொயேலிஸ்’. ‘ரூபின்திஸ்’ என்றால் அக்கறைப்படுதல், பார்த்துக்கொள்ளுதல். ஒரு தாய் பிள்ளையை, ஒரு விவசாயி மாட்டைப் பார்த்துக்கொள்வதற்கும் அதே வினைதான். துயரப்படுபவரை அவர்கள் கவலையோடு பார்த்துக்கொள்பவராக மாற்றிவிட்டார்கள். கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் அந்த உருவத்தில் சிந்தனையும் அக்கறையும் ஒன்றாகிவிடுகின்றன. லித்துவேனிய ஞானத்துக்கு ஓர் உருவம் காட்டச் சொன்னால் எந்தத் தத்துவவாதியையும் விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன். சோவியத் காலத்தில் சாலையோரச் சிலுவைகள் பல பிடுங்கப்பட்டன. ஷியவ்லெய் நகருக்கு அருகே உள்ள சிலுவைக் குன்றை 1961-இல் புல்டோசர் வைத்து அழித்தார்கள். மக்கள் மறுபடி கொண்டுவந்து நட்டார்கள். லித்துவேனியச் சிலுவைக் கலையை 2001-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் வாய்வழி, தொட்டறிய முடியாத மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

எழுத்தாளர்கள், தத்துவவாதிகள் பக்கம் சுருக்கமாகப் போகலாம். கிறிஸ்தியோனாஸ் தொனெலைதிஸ் (1714–1780) பிரஷ்யாவின் தொல்மின்கீமிஸ் என்ற ஊரில் பாதிரியார். நான்கு பருவங்களில் விவசாயிகளின் வாழ்க்கையைப் பாடிய அவருடைய நெடுங்கவிதை அவர் இறந்து பல காலம் கழித்து 1818-இல்தான் அச்சேறியது. அதில் லாவ்ராஸ் என்ற கிழவர் கோணல் தடியில் சாய்ந்தபடி பேசுகிறார். மனிதப் பிறவியைப் பூக்கும் புல்லோடு ஒப்பிட்டு, பிறக்கும் ஒவ்வொருவரும் ஒரு மொட்டு என்கிறார். மேடையில் நின்று பேசும் ஞானி அல்ல அவர், வேலைக்கு நடுவே ஓய்ந்து நின்ற மனிதர்.

வீதூனாஸ் (1868–1953) நமக்குச் சுவாரசியமானவர். இயற்பெயர் வில்ஹெல்மாஸ் ஸ்தொரொஸ்தா. தில்ஸித் நகரில் பள்ளி ஆசிரியர், பாடகர் குழுவை வழிநடத்தியவர், நாடக ஆசிரியர், சைவ உணவுக்காரர், பிரம்மஞான சபையின் சிந்தனைகளிலும் இந்தியத் தத்துவத்திலும் ஊறியவர். பகவத் கீதையை லித்துவேனியனில் மொழிபெயர்த்தார், அது 1947-இல் ஜெர்மனியில் வெளியானது. அப்போது அவர் அகதி. அவருடைய எழுத்து முழுக்க மையமாக ஓடுவது ‘ஜ்மொனிஷ்கூமாஸ்’, மனிதத்தன்மை. ஜெர்மானியருக்கும் லித்துவேனியருக்கும் இடையிலான 700 ஆண்டு உறவைப் பற்றி அவர் 1932-இல் எழுதிய நூலை நாஜிகள் தடை செய்தார்கள், 1938-இல் அவரைச் சிறையிலும் அடைத்தார்கள். பழைய மொழியுறவு தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் உயிருள்ள ஓர் உறவை உண்டாக்கியவர் என்று அவரைச் சொல்லலாம்.

நம் காலத்தில் ஆர்வீதாஸ் ஷ்லியோகெரிஸ் (1944–2019). கண்முன் இருக்கும் பொருளின் முன், ஒரு கல்லோ மரமோ எதுவானாலும், சொற்களை ஒதுக்கிவிட்டு நிற்பதிலிருந்து தத்துவத்தைத் தொடங்கியவர். படிக்கக் கடினமானவர், ஆனால் கிராமத்து ‘விவரம் தெரிந்தவரின்’ பார்வை அவரிடம் தத்துவ வடிவம் எடுத்ததாக எனக்குத் தோன்றுகிறது.

ஆண்களைப் பற்றியே பேசிவிட்டேன். ‘ஜினோத்தி’ என்ற வினையிலிருந்து ‘ஜீனீஸ்’ வருகிறது, கிறிஸ்தவத்துக்கு முந்தைய பூசாரி. அதே வேரில் ‘ஜினியுவோனே’, மூலிகையும் மந்திரமும் தெரிந்த பெண். லித்துவேனியா 1387-இல்தான் கிறிஸ்தவத்தை ஏற்றது, ஐரோப்பாவிலேயே ஏறக்குறையக் கடைசியாக. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட அறிவு சூனியக்காரியின் பக்கம் தள்ளப்பட்டது. ஆனாலும் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஊர் அவளிடம்தான் போனது. எவ்கேனியா ஷிம்கூனைதே (1920–1996) இந்த இரண்டு உலகத்தையும் ஒரே வாழ்க்கையில் இணைத்தார். மருந்தியல் படித்து ஆய்வுப் பட்டம் பெற்றவர், ஊர் ஊராகப் போய் மூலிகை வழக்கங்களைக் குறித்துக்கொண்டவர், மக்கள் பார்வையில் நாட்டின் மூலிகைப் பாட்டி. சோவியத் ஆட்சியிலேயே இப்படி ஒருவர் செல்வாக்கோடு வாழ்ந்தார் என்பது அந்த அறிவு எவ்வளவு ஆழமாகக் கிடந்தது என்பதைக் காட்டுகிறது.

லித்துவேனிய மண்ணின் ஞானம் லித்துவேனிய மொழிக்கு மட்டும் சொந்தமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைநகர் வில்னியுஸ் யூதக் கல்விக்கு வடக்கின் ஜெருசலேம் என்று பெயர் பெற்றது. அங்கே வாழ்ந்த எலியா பென் சாலமன் (1720–1797), வில்னா காவோன் என்று அறியப்படுபவர், தல்மூத் என்ற யூத சமயச் சட்ட நூலின் அறிவில் அந்த நூற்றாண்டின் பெரிய பெயர். அவர் வளர்த்த உலகம் 1941-இல் தொடங்கிய நாஜிப் படுகொலையில் அழிந்தது. அதை விட்டுவிட்டு அந்த நகரத்தின் அறிவு மரபைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சு.

கடைசியாக மௌனம். கேள்வியில் இது இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் பதில் முழுமையாகாது. லித்துவேனியனில் மௌனம் ‘தீலா’. "பேச்சு வெள்ளி, மௌனம் தங்கம்" என்பது பல மொழிகளில் உண்டு, அங்கேயும் உண்டு. சொல்லைப் பறந்துவிட்டால் பிடிக்க முடியாத குருவி என்பார்கள். லித்துவேனியர்கள் எல்லாரும் சிறு வயதில் கேட்கும் எக்லே கதையின் திருப்பமே இதில்தான் இருக்கிறது. பாம்பரசன் ஜில்வினாஸைக் கட்டிக்கொண்ட எக்லே பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அவள் கணவனைக் கடலிலிருந்து வரவழைக்கும் பெயரைத் தெரிந்துகொள்ள அவளுடைய 12 அண்ணன்மாரும் பிள்ளைகளை அடித்து விசாரிக்கிறார்கள். மூன்று மகன்களும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சின்னஞ்சிறு மகள் பயந்துபோய்ச் சொல்லிவிடுகிறாள். அண்ணன்மார் அரிவாளோடு போய் ஜில்வினாஸைக் கொன்றுவிடுகிறார்கள். கடலில் இரத்த நுரை மேலே வருகிறது. எக்லே மகன்களைக் கருவாலி, ஆஷ், பூர்ச்ச மரங்களாகவும் மகளைக் காற்று இல்லாதபோதும் நடுங்கும் ஆஸ்பென் மரமாகவும் மாற்றிவிட்டு, தானும் மரமாகிறாள். உறுதியான மரம் வாய் திறக்காதவன், நடுங்கும் மரம் பேசியவள். அடிபட்ட ஒரு குழந்தையின் பயத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வரலாறு இந்த மௌனத்தை இன்னும் இறுக்கிவிட்டது. 1941 முதல் 1952 வரை சுமார் 1,30,000 பேர் சைபீரியாவுக்கும் சோவியத் நாட்டின் மற்றத் தொலைதூரப் பகுதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் பிள்ளைகளிடமே அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளியில் குழந்தை உளறிவிட்டால் குடும்பம் மறுபடி சிக்கலில் மாட்டும். வாயை மூடிக்கொள்வது அந்தத் தலைமுறைக்கு நிஜமாகவே விவரம் தெரிந்தவரின் செயல். உயிர் தப்ப அது உதவியது.

அந்தப் பழக்கம் ஆபத்து போன பிறகும் தங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தற்கொலை விகிதம் மிக அதிகமான நாடாக லித்துவேனியா பல ஆண்டுகள் இருந்தது. பொருளாதாரச் சரிவு, குடி என்று காரணங்கள் பல. துன்பத்தை உள்ளேயே வைத்துக்கொள்வதைப் பக்குவம் என்று கருதும் மனப்போக்குக்கும் அதில் பங்கு உண்டு என்று அங்குள்ளவர்களே பேசுகிறார்கள். 1990களின் நடுவில் உச்சத்தில் இருந்த விகிதம் இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. 1991 முதல் இயங்கும் ‘யாவ்னிமோ லினியா’ என்ற இளைஞர் தொலைபேசி உதவி மையத்தில் தன்னார்வலர்கள் முன்பின் தெரியாதவர்களின் கவலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்போது வாயை மூடுவது என்பதோடு எப்போது யாரிடம் வாய் திறப்பது என்பதையும் சேர்த்துத்தான் இன்றைய லித்துவேனிய இளைஞர்கள் இஷ்மின்திஸ் என்று பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து சைபீரியக் கதைகளைக் கேட்டுப் பதிவு செய்பவர்களும் அவர்கள்தான்.